ஃபோர்மட் அடிக்க முதல்: அப்டேற்றுக்குப் பிறகு எழும்பாத கொம்பியூட்டரை வீட்டிலேயே பார்ப்பது எப்படி

விண்டோஸ் அப்டேற் நடந்த மறுநாள் கொம்பியூட்டர் எழும்பவில்லை என்று கடைக்குக் கொண்டுபோனால், பெரும்பாலும் அரை மணித்தியாலத்துக்குள் ஒரு வசனம் வரும்: "ஃபோர்மட் அடிக்க வேணும்." அதாவது ஹார்ட்டிஸ்க்கில் இருப்பதை அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. அதற்கு ஓம் சொல்ல முதல் இதை ஒருக்கா வாசியுங்கள்.

தருமபுரத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஒரு பெரியம்மா இருக்கிறார். 2009இல் இடம்பெயர்ந்தபோது வீட்டு அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. பிறகு கனடாவில் இருக்கும் தங்கச்சி தன்னிடம் இருந்த கலியாணப் படங்களையும் ஐயாவின் படங்களையும் ஸ்கான் பண்ணி அனுப்ப, மகன் அவற்றை வீட்டுக் கொம்பியூட்டரில் போட்டு வைத்தான். ஒரு மாரி இரவு, அப்டேற் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் நின்றது. காலையில் நீலத் திரை. கடைக்காரத் தம்பி கெட்டிக்காரன். பின்னேரத்துக்குள் புது விண்டோஸ் போட்டுக் கொடுத்துவிட்டான். பெரியம்மா திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "தம்பி, படங்கள் எங்கையடா?" அரைவாசிப் படங்கள்தான் கனடாவிலிருந்து திரும்பி வந்தன.

அந்த ஹார்ட்டிஸ்க்கில் கெட்டுப்போனது விண்டோஸ் மட்டும்தான். படங்கள் அப்படியே இருந்திருக்கும். அப்டேற்றால் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இப்படித்தான்: வீட்டுக் கதவு இறுகிவிட்டது, உள்ளே இருக்கும் சாமானுக்கு ஒன்றும் நடக்கவில்லை. ஆகவே முதலில் உங்கள் கோப்புகளை எடுப்போம், விண்டோஸைப் பிறகு பார்ப்போம்.

இது அப்டேற்றின் வேலைதானா?

மைக்ரோசொஃப்ட் மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை, அமெரிக்க மேற்குக் கரை நேரம் காலை 10 மணிக்கு அந்த மாதத்து அப்டேற்றை விடும். எங்களுக்கு அது செவ்வாய் இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. அதாவது இங்கே அது வந்து சேர்வது புதன்கிழமை. மாதத்தின் நடுப்பகுதியில், புதனுக்கும் வெள்ளிக்கும் இடையில் திடீரென்று ஒரு கோளாறு தொடங்கினால் அப்டேற்றைச் சந்தேகிக்கலாம்.

இயந்திரம் ஓரளவு வேலை செய்கிறது என்றால் உறுதிப்படுத்துவது சுலபம். செற்றிங்ஸ், அதற்குள் விண்டோஸ் அப்டேற், அதற்குள் அப்டேற் ஹிஸ்டரி. ஒவ்வொரு வரியிலும் கேபி (KB) என்று தொடங்கி ஏழு இலக்கம் இருக்கும். அந்த எண்ணையும் திகதியையும் ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிறகு யாரிடம் உதவி கேட்டாலும், எதை இன்டர்நெற்றில் தேடினாலும், "கொம்பியூட்டர் வேலை செய்யேல்லை" என்பதைவிட அந்த ஏழு இலக்கம் நூறு மடங்கு உதவும்.

வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால்

அவசரப்பட்டு ஆட்கள் பிழைவிடும் இடம் இதுதான். 30 வீதத்தில் நிற்கிறது, ஒரு மணித்தியாலமாக அசையவில்லை, பிளக்கைப் பிடுங்கிவிட்டோம் என்பார்கள். எங்கள் பக்கம் இருக்கும் கொம்பியூட்டர்களில் கனக்க, கொழும்பிலிருந்து வந்த செக்கன்ட்ஹான்ட் இயந்திரங்கள். உள்ளே சுழலும் பழைய ஹார்ட்டிஸ்க். அதில் பெரிய அப்டேற் ஒன்று முடிய இரண்டு மூன்று மணித்தியாலம் எடுப்பது வழமை.

முன்பக்கத்தில் இருக்கும் சின்ன விளக்கைப் பாருங்கள். அது விட்டுவிட்டு மின்னினால் ஹார்ட்டிஸ்க் வேலை செய்கிறது, விட்டுவிடுங்கள். லப்டொப் என்றால் சார்ஜரைக் குத்தியே வையுங்கள். விளக்கும் மின்னவில்லை, ஹார்ட்டிஸ்க் சத்தமும் இல்லை, வீதமும் மாறவில்லை, இப்படியே மூன்று மணித்தியாலம் போய்விட்டது என்றால்தான் பவர் பட்டனில் கை வைக்கலாம். பத்து செக்கன் அமத்திப் பிடித்தால் அணையும். பிளக்கைப் பிடுங்குவதைவிட அது நல்லது.

திரை முழுக்கக் கறுப்பு, ஆனால் மவுஸ் அம்பு மட்டும் தெரிகிறது என்றால் முதலில் ஒன்று செய்து பாருங்கள்: விண்டோஸ் சின்னம் உள்ள விசை, கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் ஒன்றாக அமத்துங்கள். திரையை ஓட்டும் சின்ன மென்பொருள், அதாவது டிரைவர், மறுபடி தொடங்கும். சில நேரம் அதோடு விஷயம் முடிந்துவிடும்.

எழும்பவே இல்லை என்றால்

விண்டோஸுக்குள்ளேயே ஒரு சின்ன வைத்தியசாலை இருக்கிறது. அதற்குள் போகும் வழி இதுதான். கொம்பியூட்டரைப் போடுங்கள். வட்டம் சுற்றத் தொடங்கியதும் பவர் பட்டனைப் பத்து செக்கன் அமத்தி அணையுங்கள். இதை இன்னொருமுறை செய்யுங்கள். மூன்றாம் முறை தானாக ஒரு நீலப் பக்கம் வரும். கடவுச்சொல் கேட்கும் பக்கம் வரைக்கும் போகிறது என்றால் இவ்வளவும் தேவையில்லை. ஷிஃப்ட்டை அமத்திக்கொண்டு றீஸ்டார்ட்டைத் தட்டினால் போதும்.

நீலப் பக்கத்தில் ட்ரபிள்ஷூட், அதற்குள் அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ். "றிசெற் திஸ் பிசி" என்று ஒன்றும் கண்ணில் படும். அதை இப்போதைக்குத் தொடாதீர்கள். அதில் கோப்புகளை வைத்திருக்கும் வழியும் உண்டு, எல்லாவற்றையும் அழிக்கும் வழியும் உண்டு. பதற்றத்தில் மாறித் தட்டுவது சுலபம்.

இந்த இடத்தில் சிலருக்கு 48 இலக்க எண் ஒன்று கேட்கும். அது பிட்லொக்கர், ஹார்ட்டிஸ்க்கை மற்றவர்கள் திறக்காமல் காக்கும் பூட்டு. 2024 யூலை அப்டேற்றுக்குப் பிறகு இது சில கொம்பியூட்டர்களில் திடீரென்று கேட்கத் தொடங்கியது. எண் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். போனில் அந்தக் கணக்குக்குள் போய், டிவைசஸ் பகுதியில் உங்கள் இயந்திரத்தின் பெயரைத் தட்டினால் பார்க்கலாம். வெளிநாட்டில் இருந்து வந்த லப்டொப் என்றால் அனுப்பியவரின் கணக்கில் இருக்கக்கூடும். அவருக்கு ஒரு கோல் எடுங்கள். அந்த எண் இல்லாவிட்டால் உள்ளே இருப்பதை எடுக்க வேறு வழியில்லை. ஆகவே கொம்பியூட்டர் நன்றாக இருக்கும் நாளிலேயே அதை எழுதி, அடையாள அட்டைக் கொப்பியும் பிறப்புச் சான்றிதழும் காணி உறுதியும் இருக்கும் அந்தப் பைக்குள் வையுங்கள். எங்கள் வீடுகளில் எது போனாலும் போகாத பை அதுதானே.

நீலப் பக்கத்தில் மவுஸும் கீபோர்டும் வேலை செய்யாமல் நிற்கவும் கூடும். 2025 அக்டோபர் 14 அப்டேற் விண்டோஸ் 11இல் இந்தக் கோளாற்றைக் கொண்டுவந்தது. ஆறு நாள் கழித்து 20ஆம் திகதி திருத்தம் வந்தது. அந்த இடைவெளியில் மாட்டிய இயந்திரம் என்றால், பின்பக்கத்தில் வட்டமான பழைய கீபோர்ட் துளை இருக்கிறதா என்று பாருங்கள். அதில் குத்தும் பழைய கீபோர்ட் வேலை செய்யும்.

முதலில் படங்களை எடுங்கள்

இதை மெதுவாக, படி படியாகச் சொல்கிறேன். கட்டுரையில் ஒன்றை மட்டும் மனதில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

32 அல்லது 64 ஜிபி பென்ட்ரைவ் ஒன்றைக் குத்துங்கள். அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸில் கொமாண்ட் ப்ரொம்ப்ட் என்று ஒன்று இருக்கும். அதைத் தட்டினால் கறுப்புப் பெட்டி திறக்கும். அதில் நோட்பேட் (notepad) என்று ஆங்கில எழுத்தில் அடித்து என்டரைத் தட்டுங்கள். ஆம், கடிதம் எழுதும் அதே வெள்ளைப் பெட்டிதான் வரும். நாங்கள் அதில் எழுதப் போவதில்லை. மேலே ஃபைல், பிறகு ஓப்பின். கீழே மூலையில் "டெக்ஸ்ட் டொகுமென்ட்ஸ்" என்று இருப்பதை "ஓல் ஃபைல்ஸ்" என்று மாற்றுங்கள். இப்போது இடப்பக்கத்தில் திஸ் பிசியைத் தட்டினால் உங்கள் ஹார்ட்டிஸ்க் முழுவதும் கண்ணுக்கு முன் இருக்கும்.

இங்கே சி டிரைவ் என்று காட்டுவது வழமையான சி டிரைவாக இல்லாமல் இருக்கலாம், எழுத்து மாறியிருக்கும். யூசர்ஸ் என்ற ஃபோல்டர் எதில் இருக்கிறதோ அதுதான் உங்களுடையது. அதற்குள் உங்கள் பெயர், அதற்குள் பிக்சர்ஸ், டொகுமென்ட்ஸ், டெஸ்க்டொப், டவுன்லோட்ஸ். வண்டிரைவ் (OneDrive, மைக்ரோசொஃப்ட்டின் இணையச் சேமிப்பு) என்ற ஃபோல்டர் இருந்தால் அதற்குள்ளும் பாருங்கள். சில இயந்திரங்களில் படங்கள் அதற்குள்தான் போய் இருக்கும். வேண்டிய ஃபோல்டரில் வலது கிளிக், கொப்பி. பிறகு பென்ட்ரைவைத் திறந்து வெறும் இடத்தில் வலது கிளிக், பேஸ்ட்.

பேஸ்ட் கொடுத்ததும் எல்லாம் உறைந்த மாதிரி நிற்கும். எத்தனை வீதம் முடிந்தது என்று காட்டாது. பயப்படாதீர்கள், அது கொப்பி பண்ணிக்கொண்டுதான் இருக்கிறது. பென்ட்ரைவின் விளக்கு மின்னுவதைப் பாருங்கள். ஐயாயிரம் படம் என்றால் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம். முடிந்ததும் பென்ட்ரைவுக்குள் போய் ஃபோல்டர்கள் வந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை. முடிந்தால் அதே பென்ட்ரைவைப் பக்கத்து வீட்டுக் கொம்பியூட்டரில் குத்தி, இரண்டு மூன்று படங்களைத் திறந்தும் பாருங்கள்.

இனி விண்டோஸ்

அதே அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸில் அன்இன்ஸ்டோல் அப்டேற்ஸ். இரண்டு தெரிவு வரும். மேலே இருப்பது மாதாந்த அப்டேற், கீழே இருப்பது வருடத்துக்கு ஒருமுறை வரும் பெரிய அப்டேற். மாதாந்தத்தை முதலில் கழற்றுங்கள். உங்கள் கோப்புகளை இது தொடாது. முடிந்ததும் றீஸ்டார்ட் ஆகும்.

எழும்பிவிட்டதா? உடனே செற்றிங்ஸில் விண்டோஸ் அப்டேற்றுக்குப் போய் "பௌஸ்" கொடுங்கள். இதை மறந்தால் நீங்கள் கழற்றிய அதே அப்டேற் அன்றிரவே மறுபடி வந்து ஏறிவிடும். கன பேர் இரண்டாம் முறை மாட்டுவது இதனால்தான்.

எழும்பாவிட்டால் ஸ்டார்ட்அப் றிப்பெயர். அதுவும் சரிவராவிட்டால் சிஸ்டம் றிஸ்டோர்; அப்டேற்றுக்கு முந்திய திகதி ஒன்று பட்டியலில் இருந்தால் அதைத் தெரிவு செய்யுங்கள். பெரிய அப்டேற்றுக்குப் பிறகு இயந்திரம் எழும்புகிறது, ஆனால் ஒன்றும் ஒழுங்காக ஓடவில்லை என்றால், செற்றிங்ஸில் சிஸ்டம், றிக்கவரி, அதில் "கோ பக்". பத்து நாள்தான் அந்த வழி திறந்திருக்கும். அந்தப் பத்து நாளுக்குள் இடம் போதவில்லை என்று "விண்டோஸ் ஓல்ட்" ஃபோல்டரை அழித்துவிட்டால் திரும்பிப் போக முடியாது.

எழும்புகிறது, ஆனால் ஏதோ ஒன்று பிழை

வைஃபை காணாமல் போவதுதான் எங்கள் பக்கம் அதிகம் கேட்கும் முறைப்பாடு. இன்டர்நெற் இல்லாமல் எப்படித் திருத்துவது என்று திகைக்க வேண்டாம்: போனைச் சார்ஜ் கேபிளால் கொம்பியூட்டரில் குத்தி, போனின் ஹொட்ஸ்பொட் பக்கத்தில் யூஎஸ்பி டெதரிங்கைப் போடுங்கள். இன்டர்நெற் வந்துவிடும். பிறகு ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக், டிவைஸ் மனேஜர், நெட்வேர்க் பகுதியில் வைஃபையின் பெயரில் இருமுறை கிளிக், டிரைவர், "றோல் பக் டிரைவர்". பழைய டிரைவர் திரும்பும். சத்தம் வராவிட்டாலும் இதே வழிதான். சவுண்ட் பகுதிக்குள் போக வேண்டும். பிரின்டர் என்றால் அதைப் பட்டியலில் இருந்து நீக்கிவிட்டு மறுபடி சேர்த்துப் பாருங்கள்.

டெஸ்க்டொப் வெறுமையாகத் தெரிந்தால் நெஞ்சு அடைக்கும். 2020 பெப்ரவரி அப்டேற் ஒன்றுக்குப் பிறகு பலருக்கு இப்படி நடந்தது. விண்டோஸ் உங்களை உங்கள் கணக்கில் விடாமல், தற்காலிகக் கணக்கு ஒன்றில் விட்டிருக்கும். அதில் எதையும் சேமிக்காதீர்கள். வெளியே வந்ததும் அழிந்துவிடும். இரண்டு மூன்று முறை றீஸ்டார்ட் பண்ணிப் பாருங்கள். சி டிரைவில் யூசர்ஸுக்குள் உங்கள் பெயரில் ஃபோல்டர் இருந்தால் எல்லாம் பத்திரம்.

தமிழ்க் கீபோர்ட் காணவில்லை என்றால் செற்றிங்ஸில் டைம் அண்ட் லாங்குவேஜ் பகுதியில் தமிழை மறுபடி சேர்த்தால் சரி. அப்டேற்றுக்குப் பிந்திய முதல் நாள் இயந்திரம் மெதுவாக ஓடுவது நோயில்லை. பின்னால் வேலைகள் நடக்கும், ஒரு பின்னேரம் ஓட விடுங்கள். 80070070 என்று முடியும் எண் வந்தால் ஹார்ட்டிஸ்க்கில் இடமில்லை என்று அர்த்தம். 20 ஜிபி எப்போதும் வெறுமையாக வைத்திருங்கள்.

அப்டேற்றை அடியோடு நிற்பாட்டலாமா?

வேண்டாம். இதில் நான் உறுதியாக இருக்கிறேன். 2017 மே மாதம் வன்னாக்ரை என்ற வைரஸ் 150க்கு மேற்பட்ட நாடுகளில் கொம்பியூட்டர்களைப் பூட்டிக் காசு கேட்டது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேற் மார்ச் மாதமே வந்துவிட்டது. மாட்டியவை அதைப் போடாத இயந்திரங்கள். படிப்பு வேலைக்கு ஒரே பென்ட்ரைவ் பள்ளிக்கூடம், ரியூட்டரி, பிரின்ட் எடுக்கும் கடை என்று சுற்றும் எங்கள் ஊரில் பூட்டில்லாத கொம்பியூட்டர் பாவம்.

நிற்பாட்ட வேண்டாம், பிற்போடுங்கள். "பௌஸ்" கொடுத்தால் ஐந்து கிழமை வரைக்கும் தள்ளலாம். எனக்கு ஒரு கிழமை போதும். 2018 அக்டோபர் 2ஆம் திகதி வந்த பெரிய அப்டேற் சிலருடைய டொகுமென்ட்ஸ் ஃபோல்டரையே அழித்தது. சில நாளிலேயே மைக்ரோசொஃப்ட் அதை நிறுத்தி, நவம்பரில்தான் திருத்தி மறுபடி விட்டது. அந்த ஒரு கிழமை பொறுத்தவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

டேட்டாவும் ஒரு கவலை. மாதாந்த அப்டேற் ஒன்றே ஜிபிக் கணக்கில் வரும். பிள்ளையின் ஒன்லைன் வகுப்புக்குப் போட்ட டேட்டா ஓர் இரவில் முடியும். வைஃபையின் பெயரைத் தட்டி, ப்ரொப்பர்டீஸில் "மீட்டர்ட் கனெக்ஷன்" என்பதைப் போட்டுவிடுங்கள். நீங்கள் சொல்லாமல் பெரும்பாலான அப்டேற்கள் இறங்காது. இரவு டேட்டா தனியாகக் கிடைக்கும் பக்கேஜ் என்றால், மாதத்தில் ஓர் இரவு நீங்களே இறக்கிக்கொள்ளலாம். வீட்டில் இரண்டு கொம்பியூட்டர் இருந்தால் "டெலிவரி ஒப்டிமைசேஷன்" பகுதியில் உள்ளூர் வலையமைப்புக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ஒன்று இறக்கியதை மற்றது அதனிடமிருந்து எடுத்துக்கொள்ளும்.

ஆனால் எந்த இரவு என்பதைப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள். அக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடி தொடங்கினால் அன்றைக்கு அப்டேற் வேண்டாம். பிளக்கையும் றவுட்டருக்கு வரும் வயரையும் கழற்றி வைப்பதுதான் அன்றைய வேலை. டெஸ்க்டொப் வைத்திருப்பவர்களுக்கு ஒரு யூபிஎஸ் கட்டாயம் என்பேன். ஆனால் வீட்டு யூபிஎஸ் பத்துப் பதினைந்து நிமிடம்தான் தாங்கும்; மூன்று மணித்தியால அப்டேற்றை அது காப்பாற்றாது. லப்டொப்பின் பற்றரி நல்லதென்றால் உங்களுக்குக் கவலை குறைவு.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதற்கான வழமையான அப்டேற் 2025 அக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேற் வரும். விண்டோஸ் அப்டேற் பக்கத்திலேயே அதற்கான இணைப்பு இருக்கும். பழைய இயந்திரம் பல விண்டோஸ் 11க்கு ஏற்கப்படாது. யாராவது குறுக்கு வழியில் ஏற்றித் தருகிறேன் என்றால், அடுத்த பெரிய அப்டேற்றில் அது மறுபடி மறுக்கப்படலாம் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

கடைக்குப் போகத்தான் வேண்டும் என்றால்

எல்லாம் செய்தும் எழும்பவில்லை, அல்லது ஹார்ட்டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வருகிறது என்றால் வீட்டில் இனி நோண்ட வேண்டாம். பரந்தனுக்கோ கிளிநொச்சிக்கோ புதுக்குடியிருப்புக்கோ எடுத்துக்கொண்டு போங்கள். கொடுக்கும்போது கேபி எண் எழுதிய கொப்பியைக் காட்டுங்கள். அப்டேற் நடுவே கரண்ட் நின்றதா, எத்தனை முறை அணைத்தீர்கள், எதைக் கழற்றிப் பார்த்தீர்கள் எல்லாவற்றையும் சொல்லுங்கள். அது அவர்களுக்கும் நேரம் மிச்சம். பிறகு இந்த ஒரு வசனத்தைச் சொல்லி, முடிந்தால் ஒரு துண்டில் எழுதி இயந்திரத்தின் மேலேயே ஒட்டிவிடுங்கள்:

"தம்பி, ஹார்ட்டிஸ்க்கைக் கழட்டி முதல் படங்களைக் கொப்பி எடுங்கோ. எடுத்ததை எனக்குக் காட்டிப்போட்டு ஃபோர்மட் அடியுங்கோ."